துப்பாக்கியுடன் ஒரு பயணி: யாருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?

விமான நிலையச் சோதனைகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, ஆயுதம் தாங்கிய காவல் அலுவலர்கள் பயணிகளோடு பயணியாக விமானத்தில் ஏறுவது குறித்துப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாமே அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்று, அங்கே உள்நாட்டு விமானங்களில் பயணம் செய்தவர்கள் எழுதியவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் அமெரிக்க நடைமுறையைப் பற்றியவை. அங்கே ஒரு விமான நிறுவனத்தின் தரைப்பணியாளனாகப் பல ஆண்டுகள் கேட்டில், அதாவது பயணிகள் விமானம் ஏறும் வாயிலில், நின்றவன் என்பதால், விதியோடு கண்ணால் கண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வந்ததால் என்னை முதலில் விமானத்துக்குள் அழைத்துச் சென்றார்கள். எனக்கும் முன்பாக, சாதாரண உடையில் இருந்த ஒருவர் உள்ளே போய் விமானி அறை வாசலில் கேப்டனோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவர் தம் இருக்கையில் குனிந்து அமர்ந்தபோது சட்டைக்கு அடியில் துப்பாக்கி தெரிந்தது. என் தண்ணீர் பாட்டிலைக்கூட விடாமல் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அவரை எப்படி விட்டார்கள்?

பதில்: நீங்கள் பார்த்தவர் பெரும்பாலும் ஒரு காவல் அலுவலராகவோ மத்திய அரசின் புலனாய்வு அலுவலராகவோதான் இருந்திருப்பார். கேப்டனோடு அவர் பேசிக்கொண்டிருந்ததும் மரியாதைக்கான பேச்சாக இருந்திருக்காது. தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, எந்த இருக்கையில் அமரப்போகிறார் என்பதைச் சொல்லியிருப்பார்.

அமெரிக்கக் கூட்டரசு விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 1544.219 என்ற பிரிவு இதை வகுத்துச் சொல்கிறது. 2001 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவான போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது டி.எஸ்.ஏ., இந்த விதியை நடைமுறைப்படுத்துகிறது. கைக்கு எட்டும் இடத்தில் ஆயுதம் வைத்துக்கொண்டு பறக்க விரும்புகிறவர் மத்திய அரசின் சட்ட அமலாக்க அலுவலராகவோ, மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) அல்லது நகராட்சியின் முழுநேர அலுவலராகவோ இருக்க வேண்டும். அரசு அமைப்பின் நேரடி ஊழியராக இருக்க வேண்டும். குற்றவியல் அல்லது குடியேற்றச் சட்டங்களை அமல்படுத்த உறுதிமொழி எடுத்து அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். தம் பணிக்காக அந்த ஆயுதத்தை வைத்திருக்கத் துறையின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். ஆயுதத்துடன் பறப்பதற்கென்றே உள்ள பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும் அந்தப் பயணத்தில் துப்பாக்கி ஏன் கையோடு இருக்க வேண்டும் என்பதற்குத் தனியே காரணம் வேண்டும். முக்கியப் பிரமுகர் ஒருவரின் பாதுகாப்பு, ஆபத்தான கண்காணிப்பு, கைதியை அழைத்துச் செல்லுதல், போய் இறங்கும் இடத்தில் ஆயுதத்தோடு உடனே பணியேற்க வேண்டிய அலுவல் பயணம் போன்றவை அப்படிப்பட்ட காரணங்கள்.

அலுவலர் விமானம் புறப்படுவதற்குக் குறைந்தது 1 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். அவசர நிலை என்றால் இயன்ற அளவு முன்கூட்டியே தெரிவித்தால் போதும். முழு முகப் புகைப்படமும் அவருடைய கையொப்பமும், அதிகாரம் அளித்தவரின் கையொப்பமோ அலுவலக முத்திரையோ உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். திரைப்படங்களில் சட்டென்று எடுத்து நீட்டுகிற அந்த உலோக வில்லை மட்டும் இருந்தால் செல்லாது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட பிறகே அவர் சோதனைச் சாவடியைக் கடந்து கேட்டுக்கு வருவார். கேப்டனுக்கும் உரிய பணியாளர்களுக்கும் அவர் எந்த இருக்கையில் இருக்கிறார் என்பது தெரிவிக்கப்பட வேண்டும். அதே விமானத்தில் ஆயுதம் தாங்கிய வேறு அலுவலர்கள் இருந்தால், விமானப் பாதுகாப்புக்கென்றே அரசு அனுப்பும் ஏர் மார்ஷல்கள் உட்பட, ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பு விமானம் பிடிக்கிறவர் என்றால் அடுத்த விமானத்தின் பணியாளர்களுக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும்.

ஆயுதம் தாங்கியவர்கள் ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் இந்த விதியின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஒரே விமானத்தில் சாதாரண உடையில் இரண்டு அலுவலர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ கலவரம் வெடித்து ஒருவர் துப்பாக்கியை உருவி எழுந்தால், மற்றவர் கண்ணுக்கு அவர் காவலராகவா தெரிவார்? விமானத்தைக் கைப்பற்ற வந்தவராகத்தான் தெரிவார். நல்லவர்கள் இருவர் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வதற்கு அந்த ஒரு வினாடி போதும்.

என் கையால் நடந்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். மாலை நேர விமானம், தாமதமாகிக் கேட்டும் மாறியிருந்தது. 17சி இருக்கைக்குரிய அலுவலர், ஆயுதத்தோடு பறப்பதைத் தெரிவிக்கும் தம் படிவத்தை என்னிடம் கொடுத்திருந்தார்; அதன் பிரதி கேப்டனிடம் போயிருந்தது. அதன் பிறகு, தாயையும் குழந்தைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பதற்காக நான் அலுவலரை 9டி-க்கு மாற்றினேன். அவரும் மறுப்புச் சொல்லாமல் மாறிக்கொண்டார். படிவத்தைத் திருத்த மறந்துவிட்டேன். கதவை மூடப்போகும் நேரத்தில் தலைமைப் பணிப்பெண் வந்து, 17சி-யில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று கேட்டார். கேப்டன் கதவை மூட விடவில்லை. என்னை உள்ளே அழைத்து, படிவத்தில் 17சி-யை அடித்து 9டி என்று எழுதி, பக்கத்தில் என் கையொப்பத்தையும் வாங்கிய பிறகு, அலுவலரையே வரவழைத்து முகம் பார்த்து உறுதி செய்துகொண்டார். ஏற்கெனவே தாமதமான விமானம் இன்னும் தாமதமானது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாத விமானத்தை நான் ஓட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பின் எந்த இருக்கையை மாற்றினாலும் முதலில் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

கேள்வி: என் அண்ணன் மகன் அங்கே ஒரு கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில் பணிபுரிகிறான். விடுமுறைப் பயணத்தில் அவன் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி லக்கேஜில் போடச் சொல்லிவிட்டார்கள். அவனோடு வந்த எஃப்.பி.ஐ. நண்பர் மட்டும் கையோடு கொண்டு போனார். இது பாரபட்சம் அல்லவா?

பதில்: உங்கள் அண்ணன் மகனுக்கு மனக்குறை ஏற்படுவது இயல்புதான். ஆனால் கவுண்டரில் இருந்தவர் விதிப்படியே நடந்திருக்கிறார். மத்திய அரசின் அலுவலர்கள், அலுவல் பயணமாக இல்லாவிட்டாலும், எப்போதும் ஆயுதம் தாங்கியிருக்க வேண்டும் என்று அவர்களுடைய துறைக்குப் பொதுவான கொள்கை இருந்தால் அதன்படி ஆயுதத்தோடு பறக்கலாம். மாநில, கவுண்டி, நகராட்சி அலுவலர்களுக்கு அந்த வழி இல்லை. அந்தப் பயணத்தில் ஆயுதம் தேவை என்பதற்கு அலுவல் சார்ந்த காரணம் இருந்தே ஆக வேண்டும். விடுமுறை அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

அலுவல் பயணத்தின்போதும் அவர்களுக்குக் கூடுதலாக ஒரு படி உண்டு. முன்பெல்லாம் துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தைக் கொண்டுவருவார்கள். தலைப்புத்தாளும் முத்திரையும் இருந்தால் அது உண்மையா போலியா என்று கவுண்டரில் நிற்கும் ஊழியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்தக் குறையைத் தீர்க்க, காவல் துறைகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் என்லெட்ஸ் என்ற வலையமைப்பின் வழியாக அலுவலரின் துறையே பயணத்துக்கு முன்பு செய்தி அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு விடையாக ஓர் அடையாள எண் கிடைக்கும். விமான நிலையத்தில் அந்த எண்ணை வைத்துச் சரிபார்ப்பார்கள். காகிதத்தைப் போலியாகத் தயாரிப்பது எளிது. காவல் துறையின் வலையமைப்புக்குள் புகுந்து போலிச் செய்தி அனுப்புவது எளிதன்று.

2004ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பணியில் உள்ளவர்களும் ஓய்வுபெற்றவர்களுமான காவல் அலுவலர்கள் மாநில எல்லைகளைக் கடந்து துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வழிசெய்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி விமானத்திலும் எடுத்துச் செல்லலாம் என்று கவுண்டரில் வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானத்தின் பயணியர் அறைக்கு அது அனுமதி தருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் மற்றப் பயணிகளைப் போலவே குண்டுகளை நீக்கி, கெட்டியான பெட்டியில் பூட்டி, கவுண்டரில் அறிவித்து, லக்கேஜில் அனுப்ப வேண்டும். பெட்டியின் சாவி பயணியிடமே இருக்கும்.

கேள்வி: ஆயுதத்தோடு பறக்கும் அலுவலர் விமானத்தில் மது அருந்தலாமா?

பதில்: கூடாது. விமான நிறுவனம் அவருக்கு மது பரிமாறக் கூடாது. அவராகவும் அருந்தக் கூடாது. ஏறுவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் அருந்தியிருந்தால் ஆயுதத்தோடு ஏறவே கூடாது.

கேள்வி: துப்பாக்கியைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்குமே?

பதில்: நேர்மாறாக, அதைத்தான் விதி தெளிவாகத் தடை செய்கிறது. சீருடையில் இருப்பவர் ஆயுதத்தை உடலிலேயே அணிந்திருக்க வேண்டும். சாதாரண உடையில் இருப்பவர் பிறர் கண்ணில் படாதபடி உடலிலோ உடனே கைக்கு எட்டும் இடத்திலோ வைத்திருக்க வேண்டும். மேல் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அவர் உறங்கும்போதோ கழிவறைக்குப் போகும்போதோ அந்தத் துப்பாக்கிக்கு யார் காவல்?

துப்பாக்கி உடலை விட்டுப் பிரிகிற ஒவ்வொரு தருணமும் ஆபத்தான தருணம். 2017 ஏப்ரலில் மான்செஸ்டரிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில், இதே வேலைக்கென்று பயிற்சி பெற்ற ஏர் மார்ஷல் ஒருவர் குண்டுகள் நிரப்பிய துப்பாக்கியைக் கழிவறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்துப் போன பயணி அதை எடுத்துப் பணியாளரிடம் ஒப்படைத்தார். அந்தப் பயணி வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. 2008 மார்ச் 22 அன்று டென்வரிலிருந்து சார்லட் சென்ற விமானத்தில், அரசின் அனுமதியோடு ஆயுதம் வைத்திருந்த விமானி, தரையிறங்குவதற்கு முன் துப்பாக்கியைப் பூட்டு மாட்டும் உறையில் வைக்க முயன்றபோது அது வெடித்துவிட்டது. உறையில் கிடந்தவரை அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை, கையாளப்போனபோதுதான் வெடித்தது. அதனால்தான் அனுபவம் வாய்ந்த அலுவலர்கள் இருக்கையில் உட்கார்ந்த பிறகு துப்பாக்கியின் பக்கம் கையையே கொண்டு போக மாட்டார்கள்.

கேள்வி: பறக்கும் விமானத்துக்குள் துப்பாக்கி வெடித்துக் குண்டு வெளிச்சுவரைத் துளைத்தால் விமானம் வெடித்துவிடாதா?

பதில்: மேலே சொன்ன 2008 நிகழ்ச்சியில் அந்தக் குண்டு விமானி அறையின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேதான் போயிற்று. விமானம் வெடிக்கவில்லை, பத்திரமாகத் தரையிறங்கியது, யாருக்கும் காயமில்லை. திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்துவிட்ட அச்சம் இது. பறக்கும் விமானத்தின் உட்பகுதி அடைத்து வைத்த பலூன் போன்றதன்று. காற்று இடைவிடாமல் உள்ளே செலுத்தப்படுகிறது. உடலின் அடிப்பகுதியில் உள்ள வால்வு வழியாக அளவோடு வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. விரல் நுனியளவு துளை விழுந்தால் அந்த வால்வு சற்று மூடிக்கொண்டு ஈடு செய்துவிடும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் மேற்கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர், ஆனாலும் அந்த விமானம் தரையிறங்கியது.

நெருக்கமான வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களை நினைத்துத்தான் அஞ்ச வேண்டும். அந்த நெரிசலில் குறி தவறும் குண்டு ஏதோ ஒரு பயணியின் மேல்தான் பாயும். மின்கம்பிகளையும் கருவிகளையும் அது தாக்கக்கூடும். அதனால் பயணியாக வரும் அலுவலர் விமானத்தின் காவலராகத் தம்மை நினைத்துக்கொள்ளக் கூடாது. குடித்துவிட்டுச் சண்டை போடும் பயணியை அடக்குவது முதலில் பணியாளர்களின் பொறுப்பு. விமானத்தின் அதிகாரம் கேப்டனுடையது.

கேள்வி: கடைசி வரிசையில் இருவருக்கு நடுவே ஒருவர் கைகளின் மேல் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைவிலங்கு என்று பிறகுதான் புரிந்தது. குழந்தைகள் பயணம் செய்யும் விமானத்தில் கைதியை ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம். அதற்கென்று 1544.221 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. கைதியை அழைத்துச் செல்லும் துறை, இயன்றவரை 24 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தப்பியோடும் அபாயம் மிகுந்தவர் என்று துறை வகைப்படுத்தி, வன்முறைக் குற்றமும் சுமத்தப்பட்ட அல்லது அதில் தண்டனை பெற்ற கைதி என்றால் அவர் ஒருவருக்கே ஆயுதம் தாங்கிய அலுவலர் இருவர் வேண்டும். அப்படிப்பட்ட கைதிகள் ஒரே விமானத்தில் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. அபாயம் குறைந்தவர்கள் என்றால், 4 மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்தில் ஓர் அலுவலர் இரண்டு கைதிகள் வரை அழைத்துச் செல்லலாம். அதைவிட நீண்ட பயணத்துக்கு இருவர் வேண்டும்.

கைதி எல்லோருக்கும் முன்பு ஏறி, எல்லோரும் இறங்கிய பிறகே இறங்க வேண்டும். அவசர வழிக்குப் பக்கத்திலோ நேர் எதிரிலோ அவரை உட்கார வைக்கக் கூடாது. கூடுமானவரை கடைசி வரிசையில் இடம் தர வேண்டும். அவருக்கும் நடைவழிக்கும் இடையே அலுவலர் இருக்க வேண்டும். அலுவலர் சம்மதித்தால்தான் உணவும் பானமும் தரலாம். கைகள் அதிகம் அசையாதபடி விலங்கிட வேண்டும், ஆனால் கால் விலங்கு கூடாது. அந்தக் கடைசி வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது. விமானம் தீப்பற்றினால் கைதியும் தம் காலால் ஓடித் தப்ப வேண்டிய ஓர் உயிர்தான் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

கேள்வி: எல்லா ஆவணங்களும் சரியாக இருந்தும் கேப்டன் மறுத்தால் என்ன செய்வது?

பதில்: பாதுகாப்புக்குக் கேடாக இருக்கலாம் என்று கருதும் பயணியை ஏற்ற மறுக்க விமான நிறுவனத்துக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் இனம், நிறம், மதம், பூர்வீகம் காரணமாக மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டும் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2001 டிசம்பர் 25 அன்று, அதிபர் புஷ்ஷின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த சீக்ரெட் சர்வீஸ் அலுவலர் ஒருவர் டெக்சாஸுக்குப் போவதற்காகப் பால்டிமோரில் விமானம் ஏறினார். அவர் அரபு வம்சாவளி அமெரிக்கர். படிவத்தில் முரண்பாடு இருப்பதாகச் சொல்லி அவரை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். தம் பூர்வீகமே காரணம் என்று அவர் தரப்பு சொன்னது. படிவமும் அவர் நடந்துகொண்ட விதமுமே காரணம் என்று நிறுவனம் சொன்னது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத காலம் அது.

அன்று அந்த விமானத்துக்குள் நடந்ததைப் பார்க்காத நான் யார் பக்கமும் தீர்ப்பு எழுத மாட்டேன். கேட்டில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். படிவத்தில் ஐயம் எழுந்தால் அந்தத் துறையின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சில நிமிடங்களில் தெளிவு பெறலாம். முகத்தைப் பார்த்து எழும் ஐயத்தைத் தீர்க்க எந்தத் தொலைபேசி எண்ணும் இல்லை. இரண்டில் எது தமக்குள் எழுந்தது என்பதைக் கேப்டனும் தரைப்பணியாளரும் நேர்மையாகத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்தியக் காவல் அதிகாரி ஒருவர் அங்கே போனால் இந்த விதியின்படி ஆயுதத்தோடு பறக்கலாமா?

பதில்: முடியாது. இந்த விதி அமெரிக்க மத்திய, மாநில, கவுண்டி, நகராட்சி அலுவலர்களுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: பக்கத்து இருக்கைக்காரரிடம் துப்பாக்கி இருப்பதைப் பார்த்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவரிடமே கேட்காதீர்கள், கூச்சலும் போடாதீர்கள். தண்ணீர் வாங்கப் போவதுபோல எழுந்து, பின்பக்கம் இருக்கும் பணியாளரிடம் இருக்கை எண்ணைச் சொல்லித் தாழ்ந்த குரலில் தெரிவியுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் அனுமதி பெற்ற அலுவலர் என்றால் பணியாளருக்கு அந்த எண் முன்பே தெரிந்திருக்கும். "தெரியும், கவலைப்படாதீர்கள்" என்பது போல் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் அதற்கு மேல் விளக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். யார் எங்கே ஆயுதத்தோடு இருக்கிறார் என்பதைப் பிற பயணிகளிடம் அவர் சொல்லக் கூடாது. நீங்கள் சொன்ன எண்ணைக் கேட்டதும் அவர் முகம் மாறி, உடனே விமானி அறைக்குப் பேசும் தொலைபேசியை எடுத்தால், நீங்கள் சொன்னது அவருக்குத் தேவையான தகவல் என்று பொருள். அதன் பிறகு அவர் எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கே உட்காருங்கள்.